கடைசியாக மாட்ட வேண்டிய சாமான்

அக்கா மகன் அட்டைப்பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "மாமா, ஞாயித்துக்கிழமை மாட்டிடலாம்" என்றான். பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியக் குழல், அதன் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பளபளப்பான கம்பி, நாலைந்து கிளாம்ப், ஒரு பொட்டலம் போல்ட்டு, வாஷர். ஸ்டியரிங் டேம்பர். வண்டி கே.டி.எம். டியூக் 390, 2015 மாடல், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 43 குதிரைத்திறன். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் தெருவுக்கு அதில் கால்வாசியே அதிகம்.

வார நாட்களில் பையன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய்விடுவான். ஞாயிறானால் வண்டி. போன மாதம் பேத்தமங்கலா ரோட்டில் தொண்ணூறில் போகும்போது தார் ஒட்டுப் போட்ட இடம் ஒன்றில் முன்சக்கரம் ஏறி இறங்கியிருக்கிறது. அடுத்த நொடி ஹேண்டில் பார் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கெடா தலையைச் சிலுப்புமே, அந்த மாதிரி என்றான். ஆக்சிலேட்டரை மெல்ல விட்டதும் தானாக நின்றதாம். நின்றது, பிழைத்தான். பயம் மட்டும் நிற்கவில்லை, டேம்பர் வாங்கிவிட்டான்.

எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் எந்த இரும்புக்கும் முதலில் போக வேண்டிய இடம் பெரியப்பா வீடு. ரத்த உறவு இல்லை, லைன் உறவு. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடியபோது அவருக்குக் கிடைத்ததில் கடைசிவரை செலவாகாமல் மிஞ்சியது கை வேலை ஒன்றுதான். டேம்பரைக் கையில் வாங்கினார், கம்பியை ஒரு பக்கம் அழுத்தினார், மறுபக்கம் அழுத்தினார்.

"இன்னாபா இது, டேஷ்பாட்டா?"

அதேதான். சுரங்கத்தின் பழைய மோட்டார் ஸ்டார்ட்டர்களில் ஓவர்லோடு ரிலேவுக்குக் கீழே சின்ன எண்ணெய்க் கிண்ணம் தொங்கும். அதற்குள் ஒரு பிஸ்டன். மோட்டார் ஓடத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில் மின்னோட்டம் எகிறும். அதற்கெல்லாம் ரிலே விழுந்துவிட்டால் வேலை நடக்காது. எண்ணெய்க்குள் பிஸ்டன் மெல்லத்தான் ஏறும் என்பதால் ரிலே அந்த அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்டியரிங் டேம்பரும் அந்தக் குடும்பத்துச் சாமான்தான். குழல் நிறைய எண்ணெய், நடுவில் பிஸ்டன், பிஸ்டனில் அல்லது பக்கவாட்டில் எண்ணெய் போய்வர ஒரு சந்து. மெல்லத் தள்ளினால் எண்ணெய் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் மல்லுக்கு நிற்கும். முனையில் உள்ள திருகு அந்தச் சந்தை அகலப்படுத்தும், குறுக்கும். நாம் திருப்பும் வேகம் குறைவு, ஹேண்டில் தானாக உதறும் தலையாட்டத்தின் வேகம் அதிகம். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் இந்தச் சாமானின் கெட்டிக்காரத்தனம்.

பழைய வண்டிகளில் இது வேறு உருவத்தில் இருந்தது. 1961லிருந்து மைசூரில் தயாரான ஜாவாவில் ஹேண்டிலின் நடுவே ஒரு குமிழ் இருக்கும். பழைய புல்லட்டிலும் உண்டு. அதைத் திருகினால் உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று இறுகி ஹேண்டில் கனக்கும். உராய்வு வகை. மெல்லத் திருப்பினாலும் வேகமாகத் திருப்பினாலும் ஒரே கனம் என்பது அதன் குறை. சைடுகார் மாட்டியவர்களுக்கு உதவியது. மற்றவர்கள் பெரும்பாலும் பொழுது போகாமல் திருகிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா டேம்பரைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினார். "ஆட்டம் எங்கேந்து வருதுன்னு பாக்காம இத்த மாட்டாத. வண்டிய இட்டா."

எனக்கும் அதுதான் கட்சி. டேம்பர் தலையாட்டத்தை அடக்கும், காரணத்தை எடுக்காது. தேய்ந்த பேரிங்கோ கோணிய ரிம்மோ இருந்தால் அது உள்ளேயே இருந்துகொண்டு இன்னும் தேயும். டேம்பர் அதை நம் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அதனால் ஞாயிறு காலை வேலையில் முதல் மூன்று மணி நேரம் டேம்பர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

முன்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்க வேண்டும். டியூக்குக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. பின்பக்கம் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றினோம். முன்பக்கத்துக்கு பெரியப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் உத்தரமாகக் கிடக்கும் பழைய தண்டவாளத் துண்டில் செயின் பிளாக்கை மாட்டி, ஃபிரேமின் கழுத்தில் பட்டைக் கயிறு சுற்றி, நாலு விரற்கடை தூக்கினோம். கயிற்றை ஹேண்டில் பாரில் கட்டக்கூடாது. கட்டினால் எதைச் சோதிக்க வேண்டுமோ அதையே கட்டிப்போட்டதாக ஆகும். ஒரு ஆள் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது பையனின் வேலை.

முதல் சோதனை கழுத்துப் பேரிங். ஃபோர்க்கின் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன். கட்டை விரலைக் கழுத்து இடுக்கில் வைத்திருந்த பெரியப்பா தலையை ஆட்டினார். எனக்குக் கேட்காத ஒரு 'டிக்' அவருடைய விரலுக்குத் தெரிந்தது. ஆட்டம் இருக்கிறது. அடுத்து ஹேண்டிலை நேராக வைத்து விட்டுவிட்டால் இடது பக்கமோ வலது பக்கமோ தன் கனத்தில் வழுக்கிக்கொண்டு விழ வேண்டும். நடுவில் ஒரு குழியில் உட்காருவது போல் நின்றால் பேரிங் ஓடுபாதையில் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். அப்போது கோன் செட்டையே மாற்ற வேண்டும், இறுக்கிப் பயனில்லை. நல்ல வேளை, குழி இல்லை. தளர்ச்சி மட்டும்தான். மேல் கிளாம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, தலை நட்டைக் கழற்றி, அடியிலுள்ள சரிக்கட்டும் நட்டை ஹூக் ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஆட்டம் போக வேண்டும், ஹேண்டிலும் தன் கனத்திலேயே விழ வேண்டும். இரண்டும் சேரும் இடம் ஒரு நூலளவுதான் இருக்கும். தலை நட்டை மேலே இறுக்கும்போது அந்த அளவு மறுபடி மாறும். மூன்று தடவை கழற்றி மாட்டினோம்.

பிறகு டயர். காற்று, கையேட்டில் போட்டிருப்பதைவிட எட்டு பி.எஸ்.ஐ. குறைவு. முன் டயரின் கட்டைகளைக் கையால் வருடிப் பார்த்தால் ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி. பின்புறக் கம்பியில் பையன் வழக்கமாக எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டும் பையின் கனம் வேறு. கனம் பின்னால் போகப் போக முன்சக்கரம் லேசாகும், லேசான சக்கரம்தான் ஆடும். சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம், ஃபோர்க் சீல், ரிம் கோணல் எல்லாம் பார்த்தோம், குறை இல்லை. முன் டயரை மாற்றி, காற்றைச் சரிசெய்து, பையை முதுகில் மாட்டச் சொல்லி, அதே ரோட்டுக்கு அனுப்பினோம்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். அந்த ஒட்டில் ஏற்றியும் ஹேண்டில் ஒரே ஒரு தடவை உதறியதாம், அவ்வளவுதான். "அப்போ டேம்பர் வேணாமா மாமா?" என்று கேட்டபோது முகம் விழுந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியாயிற்றே.

வேண்டியதில்லை என்றுதான் சொன்னேன். நூறு, நூற்றைம்பது சி.சி. வண்டிகளில் இதை மாட்டிக்கொண்டு திரிபவர்களைப் பார்த்தால் எனக்குக் கழுத்தில் போடும் நகைதான் ஞாபகம் வரும். ஆனால் குட்டையான சக்கர இடைவெளி, செங்குத்தான கழுத்து, அகலமான ஹேண்டில், முன்சக்கரத்தைத் தூக்கும் இழுவை எல்லாம் ஒரே வண்டியில் சேர்ந்தால் மிச்சமிருக்கும் அந்த ஒரு உதறலுக்கு டேம்பர் நியாயம்தான். 1997ல் வந்த சுசுகி டி.எல். 1000 எஸ் தலையாட்டத்துக்குப் பேர்போனது. கடைசியில் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்து டேம்பர் மாட்டிக் கொடுத்தது. 2004ல் ஹோண்டா தன் ஆயிரம் சி.சி. வண்டியில் வேகத்தைப் பார்த்துத் தானே இறுகிக்கொள்ளும் மின்னணு டேம்பரை வைத்தது. ஆக, மாட்டுவதென்று முடிவு. மாட்டினால் ஒழுங்காக மாட்டுவது.

பெட்டியிலிருந்து எடுத்த டேம்பரை நேரே வண்டியில் போடாதீர்கள். திருகை நடுவில் வைத்து, கம்பியைக் கையால் முழு நீளத்துக்கும் தள்ளிப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் ஒரே எதிர்ப்பு இருக்க வேண்டும். திசை மாறும் இடத்தில் சட்டென்று வெற்றாக நழுவி, பிறகு பிடித்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. தலையாட்டமே சிறு சிறு திசைமாற்றங்கள்தான்; அந்த வெற்றிடத்திலேயே டேம்பரின் வேலை முடிந்துபோகும். கம்பியை வெள்ளைத் துணியால் துடைத்தால் எண்ணெய் பிசுபிசுப்பு வரக்கூடாது. எங்களுடையது தேறியது.

இனி அளவு. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலும் தவறுவதும் இங்கேதான். டேம்பரின் ஒரு முனை ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும், இன்னொன்று ஃபிரேமில் நிற்கும். ஹேண்டிலை முழு இடதிலிருந்து முழு வலதுக்குத் திருப்பினால் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு மாறுகிறதோ அதைவிட டேம்பரின் ஓட்டம் கூடுதலாக இருக்க வேண்டும். பெரியப்பா நூலை எடுத்தார். ஃபோர்க் கிளாம்ப் வரப்போகும் இடத்தில் ஒரு முனை, ஃபிரேமில் ஒரு முனை. இடது கோடியில் ஒரு முடிச்சு, வலது கோடியில் ஒரு முடிச்சு. முடிச்சுகளுக்கு இடையே வெர்னியர் வைத்தால் 69 மில்லிமீட்டர். டேம்பரின் ஓட்டம் 75. பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம்.

நான் போதும் என்றேன். அவர் போதாது என்றார். கணக்கும் அவர் பக்கம்தான். கழுத்தின் அச்சிலிருந்து கிளாம்ப் முனை 60 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. ஹேண்டில் பக்கத்துக்கு சுமார் 35 டிகிரி திரும்புகிறது. முனையை 55க்கு உள்ளே இழுத்தால் தேவைப்படும் ஓட்டம் 63 ஆகும், பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டர் கிடைக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. கை நீளம் குறைந்தால் டேம்பர் கம்பியின் வேகமும் குறையும், அது தரும் முறுக்கும் குறையும். இரண்டும் சேர்ந்து பெருக்கிக்கொள்ளும். 60லிருந்து 55க்கு வந்தால் அடக்கும் சக்தி ஆறில் ஒரு பங்கு போய்விடும். திருகை ஒரு கிளிக் கூட்டினால் அதைத் திரும்பப் பெறலாம். ஓட்டம் போதாமல் போனதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

ஃபோர்க் கிளாம்ப் உட்கார வேண்டியது மேல் கிளாம்புக்கும் கீழ்க் கிளாம்புக்கும் நடுவே. டியூக்கில் தலைகீழ் ஃபோர்க், தடித்த குழல் மேலே. அதனால் பிடிப்பதற்கு நல்ல இடம். சாதாரண ஃபோர்க் உள்ள வண்டியில் அதே இடத்தில் மெல்லிய குழல் வரும். கிளாம்பின் அளவும் மாறும். கீழ்க் கிளாம்புக்குக் கீழே, சஸ்பென்ஷன் வழுக்கி ஓடும் பகுதியில் மாட்டுவதை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அந்த வண்டி முதல் குழியிலேயே தன் சீலைக் கிழித்துக்கொண்டது.

குழலின் விட்டத்தை வெர்னியரால் இரண்டு திசையில் அளந்து, அதே அளவு கிளாம்ப்தானா என்று பாருங்கள். 'கொஞ்சம் பெருசு, இறுக்கினா சரியாயிடும்' என்பது இங்கே செல்லாது. குழல் முட்டை வடிவமாகி உள்ளே பிடிக்கும். நம் தலையாட்டம் போய், முன் சஸ்பென்ஷனே போய்விடும். கிளாம்பின் இரண்டு பாதிகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி, போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு கிட்டோடு வந்த தாளில் என்ன டார்க் போட்டிருக்கிறதோ அதுவே எல்லை. எங்கள் தாளில் 8 நியூட்டன் மீட்டர். அதற்கு எல்-கீயில் முழுப் பலத்தையும் போட வேண்டியதில்லை. பையன் நீளக் கையைப் பிடித்துத் தொங்கப் போனான். "டே, அது மரிகண்டம் இல்ல" என்றார் பெரியப்பா. மரிகண்டம் என்றால் என்ன என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஃபிரேம் பக்கம் கொஞ்சம் சிக்கலானது. டியூக்கின் ஃபிரேம் பின்னல் குழாய், மெல்லிய சுவர். அதில் துளை போடக்கூடாது, வெல்டிங் வைக்கவே கூடாது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் ஒரு காதைப் பற்றவைத்துத் தந்துவிடுவார்கள். அந்த ஐந்து நிமிட வெப்பம் பற்றுக்குப் பக்கத்துக் குழாயை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடலாம். விரிசல் விழுந்தால் அது வண்டியின் கழுத்தில் விழும். கிட்டில் வந்த கிளாம்ப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வகை. உள்ளே ரப்பர் பட்டை வைத்து மாட்டினோம்.

இப்போது கண்ணை டேம்பரின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கம்பி ஓடும் கோடு கழுத்து அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் இருக்க வேண்டும். ஒரு முனை மேலே ஒரு முனை கீழே என்று சாய்ந்திருந்தால் முனையிலுள்ள உருண்டை மூட்டு ஒரு கோடியில் போய் முட்டி, கம்பியை வளைக்கப் பார்க்கும். மூட்டுக்கடியில் வாஷர், புஷ் போட்டு மட்டத்தைச் சரிக்கட்டினோம். இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. டேம்பரின் உடலைப் பிடிக்கும் வளையத்தை லேசாகத்தான் இறுக்க வேண்டும். குழல் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கும். மூட்டுப் போல்ட்டுகளை இறுக்கியபின் மூட்டு தாராளமாகச் சுழல வேண்டும்.

நடுப்படுத்துவது: ஹேண்டில் நேராக இருக்கும்போது கம்பி இரண்டு பக்கமும் சரி பாதி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உடலை வளையத்துக்குள் முன்பின் தள்ளி அளந்து வைத்தேன். அளந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ரயில் டிக்கெட்டை எடுத்தார். கீழ்க் கிளாம்பில் ஹேண்டிலை நிறுத்துவதற்கென்று ஒரு முட்டு உண்டு; முழுக்கத் திருப்பும்போது அது ஃபிரேமில் போய் இடிக்கும். அந்த முட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் டிக்கெட்டை வைத்து ஹேண்டிலை வலது கோடிக்குத் திருப்பச் சொன்னார். இழுத்தார், டிக்கெட் வரவில்லை, கவ்விக்கொண்டது. இடது கோடிக்குத் திருப்பினோம். டிக்கெட் சர்ரென்று கையோடு வந்துவிட்டது.

ஹேண்டில் நின்றது, ஆனால் முட்டில் நிற்கவில்லை. டேம்பர் தன் ஓட்டத்தின் கோடிக்குப் போய் அங்கே நின்றிருந்தது. வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இப்படியே விட்டால் வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலே போதும், ஹேண்டிலின் நெம்புகோல் பலம் மொத்தமும் அந்த மெல்லிய கம்பியில் இறங்கும். கம்பி வளைந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது அடுத்த வளைவில்தான் தெரியவரும். நான் உடலை ஏழு மில்லிமீட்டர் ஒரு பக்கமாக வைத்திருந்தேன்; ஆறு மில்லிமீட்டர் மிச்சம் அதைத் தாங்கவில்லை. தளர்த்தி, நகர்த்தி, மறுபடி டிக்கெட். இப்போது இரண்டு பக்கமும் கவ்வியது. இரண்டு கோடியிலும் கம்பி இன்னும் கொஞ்சம் போக இடம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

கோடிக்குத் திருப்பிய நிலையிலேயே பார்க்க வேண்டியவை இன்னும் சில. கிளாம்பின் மூக்கு டேங்கில் படுகிறதா, ரேடியேட்டரில் படுகிறதா, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எங்காவது நசுங்குகின்றனவா. வண்டியை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் விட்டு ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பினோம். எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிளை டேம்பர் இழுக்கிறது என்று பொருள். ஏறவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, மரையில் ஒரு சொட்டு நீல நிற லாக் பசை வைத்து, டார்க் ரென்ச்சால் இறுக்கி, தலையிலிருந்து கிளாம்பு வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்தோம். போல்ட்டு தளர்ந்தால் கோடு உடையும்.

திருகு முழுக்கத் திறந்த நிலையில்தான் தொடங்க வேண்டும். புதிதாக மாட்டியவர்கள் எல்லாரும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். முழுக்க இறுக்கினால் முழுப் பாதுகாப்பு என்ற எண்ணம். இரண்டு சக்கர வண்டிக்கு இரண்டு வகை ஆட்டம் உண்டு. ஒன்று முன்சக்கரம் மட்டும் வினாடிக்கு ஆறு முதல் பத்துத் தடவை உதறும் தலையாட்டம். இன்னொன்று வண்டி முழுவதும், பின்பாகம் உட்பட, வினாடிக்கு இரண்டு மூன்று தடவை பாம்பு மாதிரி நெளிவது. இங்கிலாந்தின் பொறியாளர் ராபின் ஷார்ப் 1971ல் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான்: ஸ்டியரிங்கில் டேம்பர் சேர்த்தால் முதலாவது அடங்குகிறது, அதே டேம்பர் இரண்டாவதைத் தூண்டிவிடுகிறது. ஒன்றை அடக்கத் திருகத் திருக, இன்னொன்றுக்குக் கதவு திறக்கிறோம்.

மெல்லப் போகும்போதே அறிகுறி தெரிந்துவிடும். நடை வேகத்தில் வண்டி நேராக நிற்பது நாம் அறியாமல் செய்யும் குட்டிக் குட்டித் திருப்பங்களால்தான். டேம்பர் அதிகமானால் அந்தத் திருப்பங்கள் தாமதமாகும், வண்டி குடித்தவன் மாதிரி இடமும் வலமும் போகும். மைதானத்தில் பையனை எட்டு வடிவம் போடச் சொன்னோம். முழுக்கத் திறந்த நிலையில் தாராளமாகப் போட்டான். ஐந்தாவது கிளிக்கில் காலை ஊன்றினான். ஆறாவதில் திட்டினான். நாலுக்குக் குறைத்து, அதிலிருந்து இன்னும் ஒன்று குறைத்து, மூன்றில் நிறுத்தி பேத்தமங்கலா ரோட்டுக்கு அனுப்பினோம். எந்த வேகத்தில் போனான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒட்டில் ஏறியபோது ஹேண்டில் கையில் 'ம்' என்று ஒரு கனம் காட்டிவிட்டு நேராகப் போனதாகச் சொன்னான்.

சுழல் வகை டேம்பரும் உண்டு. ஹேண்டிலின் நடுவே தட்டையாக உட்கார்ந்துகொள்ளும், பாலைவன ஓட்டக்காரர்களின் விருப்பம். விலை கூட, ஃபிரேமில் ஒரு முளை வேண்டும். பையனின் பட்ஜெட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனி எதிரி இருக்கிறது, அது எந்த கிட்டின் தாளிலும் இல்லை. ஆடி மாதக் காற்று கிளம்பினால் சைனைடு மேடுகளிலிருந்து சாம்பல் நிறப் பொடி பறக்கும். பொன்னை எடுத்துவிட்டு நூறு வருஷத்துக்கு மேலாகக் கொட்டிய மிச்சம். தாதுப்பாறையை மாவாக அரைத்தது, அதில் பெரும் பங்கு படிகக்கல். கண்ணில் விழுந்தால் தெரியும் அதன் கூர்மை. சட்டையில், சாப்பாட்டில், சாமி படத்தில் படிகிற அதே பொடி, எண்ணெய்ப் பசையுள்ள டேம்பர் கம்பியிலும் படியும். கம்பி உள்ளே போகும்போது சீலின் உதட்டில் உரைத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். சீல் போனால் எண்ணெய் போகும், எண்ணெய் போன இடத்துக்குக் காற்று வரும், நாம் முதலில் கையால் தள்ளிப் பார்த்த அந்த வெற்றிடம் உண்டாகும். பெரியப்பா சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, கம்பியின் மேல் பகுதிக்கு ஒரு சின்னப் பாவாடை தைத்துப் போட்டார். பார்க்க அசிங்கம். பையன் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான்.

இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின் வண்டியை மறுபடி செயின் பிளாக்கில் தொங்கவிட்டோம். வெள்ளைக் கோடுகள் எதுவும் உடையவில்லை. டேம்பரின் ஒரு முனைப் போல்ட்டைக் கழற்றி ஒதுக்கிவிட்டுத்தான் கழுத்துப் பேரிங்கைச் சோதித்தோம். மாட்டிய நிலையில் ஹேண்டில் விழுவதைப் பார்த்தால் டேம்பரின் எதிர்ப்பு பேரிங்கின் குறையை மூடிவிடும். தளர்ச்சி நூலளவு திரும்ப வந்திருந்தது. முதல் தடவை இறுக்கியபின் அது உட்காருவது இயல்புதான். மறுபடி சரிக்கட்டினோம். ரப்பர் பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் கம்பியின் வெளிக்கோடியில் மோதிரம் மாதிரி ஒரு சாம்பல் வளையம். பாவாடைக்குள்ளேயும் புகுந்திருக்கிறது. பையன் இப்போது சாவியோடு ஒரு துண்டு பனியன் துணியும் வைத்திருக்கிறான். கிளம்புவதற்கு முன் பாவாடையைத் தூக்கி, கம்பியை ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுத்தான் உதைக்குப் பதிலான ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறான்.